இடக் கன்னத்துக்கு இடக்கை

அன்புள்ள கண்ணா,

உன் கடிதம் பார்த்தேன். மடக்கும் சவரக் கத்தியால் வழிக்கும்போது வலக் கன்னம் வழுவழுவென்று வருகிறது, இடக் கன்னத்தில் காதோரமும் தாடை ஓரமும் முள்முள்ளாக நின்றுவிடுகின்றன, தாடை வளைவில் அடிக்கடி கீறலும் விழுகிறது என்று எழுதியிருக்கிறாய். கத்தியை மாற்றிப் பார்க்கட்டுமா என்று வேறு கேட்கிறாய். வேண்டாம். ஒரே கத்தி ஒரு பக்கம் ஒழுங்காக வழித்து மறுபக்கம் சொதப்பினால் குறை கத்தியில் இல்லை. வலக்கையை முகத்துக்குக் குறுக்கே கொண்டுபோய் இடக் கன்னத்தை வழிக்கிறாய், அதனால் வருவது இது.

கை குறுக்கே போனதும் கையும் கத்தியின் பிடியும் சேர்ந்து கண்ணாடியை மறைத்துக்கொள்ளும். மணிக்கட்டு முடிந்த மட்டும் மடங்கி நிற்பதால் கோணத்தைத் திருத்த அதில் மிச்சம் இருக்காது. கத்தியின் நுனி காதைப் பார்த்து இருக்கும், ஆனால் அந்த நுனிதான் உன் கண்ணுக்குத் தெரியாது. முடிதிருத்துபவர் ஒரே கையால் இரண்டு பக்கமும் வழிக்கிறாரே என்றால், அவர் நாற்காலியைச் சுற்றி நடக்கிறார். உன் முகத்தை நீ சுற்றி வர முடியாது. வலக்கையாலேயே முழு முகத்தையும் சுத்தமாக வழிப்பவர்கள் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இடக்கை பழகிவிட்டால் நுனி மூக்கின் பக்கம் திரும்பி, கண்ணாடியில் உன் பார்வையிலேயே இருக்கும்.

இடக்கைக்குக் கத்தி பிடிக்கக் கற்றுக்கொடுப்பது பாதி வேலைதான். இதுவரை கத்தியை மட்டுமே பிடித்துப் பழகிய வலக்கை இனி தோலை இழுத்துப் பிடிக்கக் கற்க வேண்டும். இடக்கை பழக்கத்தை நடுவில் விட்டுவிடுகிறவர்கள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். கத்தி நடுங்குகிறது என்று இடக்கையைத் திட்டுவார்கள். உண்மையில் தோல் தளர்ந்து கிடக்கும், வலக்கை எங்கே போவது என்று தெரியாமல் அந்தரத்தில் நிற்கும்.

முதலில் கூர் இல்லாமல் பழகு. காலாவதியான பிளாஸ்டிக் கார்டு ஒன்று போதும். பிளேடு மாற்றும் கத்தி இருந்தால் பிளேடு போடாமல் அதையே எடு, பிடியும் சேர்ந்து பழகும். முகத்தில் நுரை போட்டு, வலக்கையால் தோலை இழுத்து, இடக்கையால் நுரையை மட்டும் வழித்தெடு. நுரை ஒரே பட்டையாக வந்தால் கோணமும் இழுவையும் சரி. கோடு கோடாக நுரை மிஞ்சினால் அங்கே தோலில் குழி இருக்கிறது அல்லது கத்தியின் ஒரு முனை தூக்கி நிற்கிறது. நுரை போடும் பிரஷையும் இடக்கைக்கே கொடுத்துவிடு, மணிக்கட்டு சுழலப் பழகும். வாரில், அதாவது தோலும் துணியுமான தீட்டுப் பட்டையில், கத்தி தீட்டுவதை மட்டும் வலக்கையிலேயே வைத்துக்கொள். அங்கே பழகாத கை, கூருக்கு எதிர்ப்பக்கமான கத்தியின் முதுகைத் தூக்கிவிட்டால் கூர் மழுங்குவதோடு வாரிலும் வெட்டு விழும்.

பிடியைக் கவனி. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் அலகின் கழுத்துக்கு, அதாவது அலகுக்கும் மடக்கும் மூட்டுக்கும் நடுவே உள்ள பகுதிக்கு, மேலே. கட்டைவிரல் கழுத்துக்கு அடியில், அலகு தொடங்கும் இடத்துக்குப் பக்கத்தில். சுண்டுவிரல், மூட்டுக்கு அப்பால் நீண்டு நிற்கும் வால் மேல். மடக்கும் பிடி மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே மேல்நோக்கி நிற்கும். இடக்கை பயத்தில் இதையெல்லாம் மறந்து கத்தியை முஷ்டியாகப் பிடித்துக்கொள்ளும். கட்டைவிரல் நகத்தைப் பார். அது வெளுத்துப் போயிருந்தால் இறுக்கம் அதிகம், நகம் இளஞ்சிவப்பாகத் திரும்பும் வரை தளர்த்து.

கோணத்தை அளக்க அளவுகோல் தேவையில்லை. அலகைத் தோலில் படுக்கவைத்து, கத்தியின் முதுகு எவ்வளவு கனமோ அவ்வளவு இடைவெளி வரும்படி முதுகைத் தூக்கு. சாதாரண 5/8 அங்குல அகலமுள்ள அலகுக்கு இது சுமார் 25 பாகை. 30ஐத் தாண்டினால் கூர் தோலைச் சுரண்டும், மிகப் படுத்தால் முடியை வெட்டாமல் பிய்த்து இழுக்கும். இடக்கை பெரும்பாலும் முதல் தப்பைத்தான் செய்யும், ஏனென்றால் பயந்த மணிக்கட்டு விறைத்து முதுகைத் தூக்கிவிடும். அழுத்தம் என்று தனியாக ஒன்று வேண்டாம், கத்தியின் எடையே போதும். தொடக்கத்தில் மணிக்கட்டைப் பூட்டிவைத்து, முழங்கையை வெளிப்பக்கம் உயர்த்தி, முன்கையை அசைத்து வழி. முழங்கை தொங்கினால் நுனி தோலுக்குள் இறங்கும்.

கத்தி எடுக்கும் நாளில் இடக் கன்னத்தின் தட்டையான பகுதி மட்டும்தான். கிருதாவுக்குக் கீழே தொடங்கி வாயின் ஓரத்துக்கு நேராக வரும் வரை, மேலிருந்து கீழே, முடியின் போக்கில், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்தில் நாலைந்து வழிப்பு. மிச்சத்தை எப்போதும் போல வலக்கையால் முடித்துவிடு. இந்த இடக்கைப் பகுதியை முதலில் செய். அப்போது நுரை ஈரமாக இருக்கும், பொறுமையும் இருக்கும். நுரை காய்ந்துவிட்டால் மறுபடி போட்டுக்கொள், காய்ந்த தோலில் 'ஒரே ஒரு இழுப்பு' என்று போகாதே.

இழுவையைச் சொல்கிறேன். வலக்கையைத் தலைக்கு மேலாகச் சுற்றிக் கொண்டுபோய், விரல் நுனிகளைக் கிருதாவுக்கு இரண்டு விரற்கடை மேலே பதித்து, தோலை உச்சியை நோக்கி இழு. கண்ணாடியில் குரங்கு மாதிரித்தான் தெரிவாய், பரவாயில்லை. ஈரத்தில் விரல் வழுக்கும். படிகாரக் கல்லை நனைத்து அதில் விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டால் பிடி கிடைக்கும். அதுவும் போதாவிட்டால் விரலைத் துண்டில் துடைத்துவிட்டு, நுரை படாத இடத்தில் பிடி. ஒவ்வொரு இரண்டு வழிப்புக்கும் விரலை இடம் மாற்று. கத்தி இறங்க இறங்க இழுக்கும் இடமும் கூடவே இறங்கி வர வேண்டும். விரலுக்கும் கத்திக்கும் இடையே நாலைந்து சென்டிமீட்டருக்கு மேல் போனால் நடுவில் தோல் மடிந்துவிடும்.

கன்னம் அலுப்புத் தட்டும் அளவுக்குப் பழகிய பிறகு தாடைக்குப் போ. நீ கீறிக்கொள்ளும் இடம் அதுதான். தாடை எலும்பின் வளைவு மேல் கத்தியை ஓட்டாதே. வலக்கையால் கன்னத்துத் தோலை மேலே இழுத்தால் தாடைக்கு அடியில் இருக்கும் தோல் எலும்பைத் தாண்டி மேலே வரும். அதைத் தட்டையான இடத்தில் வைத்து வழி, விட்டதும் அது தானே கீழே போய்விடும். தலையையும் வலப்பக்கம் லேசாகச் சாய்த்துக்கொள். இந்த ஒரு வித்தை வந்துவிட்டால் இடப்பக்கத்துத் தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

கழுத்தில் கத்தி வைக்கும் முன் முடியின் போக்கைத் தடவிப் பார். மேலிருந்து கீழ் வருகிறது என்று நினைத்திருப்பாய். பலருக்குக் கழுத்தின் அடியில் அது மேல்நோக்கியோ குறுக்காகவோ வளர்ந்திருக்கும். எந்தத் திசையில் தடவும்போது சொரசொரக்கவில்லையோ அதுதான் போக்கு. மேல்நோக்கி வழிக்க வேண்டிய இடத்தில் வலக்கையை மார்புக்குக் குறுக்கே வைத்து, காறை எலும்புக்கு மேலே தோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பிடி. தலைக்கு மேல் சுற்றுவதைவிட இது எளிது. குரல்வளை மேட்டின் மேல் கத்தியை ஓட்டாதே, எச்சில் விழுங்கினால் அது அசையும். அங்குள்ள தோலைப் பக்கவாட்டில் நகர்த்தி வைத்து வழி.

மோவாயும் மேலுதடும் கடைசி. அவற்றை வலக்கையிடமே விட்டுவைத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன், இரண்டு கையும் பழகியவர்களிலும் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எதிர்ப்போக்கில் வழிப்பதை இடக்கையால் இப்போதைக்குத் தொடவே வேண்டாம்.

காயத்தைப் பார்த்தே தப்பைக் கண்டுபிடித்துவிடலாம். மெல்லிய நீளக் கோடாகக் கீறல் விழுந்தால் கத்தி கூரின் நீளவாக்கில் பக்கவாட்டில் நழுவியிருக்கிறது. பெரும்பாலும் வழிப்பு தொடங்கும் கணத்தில் இது நடக்கும். கத்தியைத் தோலில் வைத்துவிட்டு 'இங்கே இல்லை, கொஞ்சம் அங்கே' என்று நகர்த்தியிருப்பாய். இடம் சரியில்லை என்றால் தூக்கிவிட்டு மறுபடி வை. புள்ளி புள்ளியாக ரத்தம் துளிர்த்தால் அழுத்தம். கோடும் இல்லாமல் புள்ளியும் இல்லாமல் தோல் சிவந்து எரிந்தால் செங்குத்துக் கோணம், அல்லது நுரை இல்லாமல் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சுரண்டியிருக்கிறாய். சிறிய வெட்டுக்குக் குளிர்ந்த நீரும் படிகாரமும் போதும். ஆழமாகப் பட்டால் சுத்தமான துணியை வைத்து சில நிமிடம் எடுக்காமல் அழுத்திப் பிடி, அன்றைக்கு அந்தப் பக்கம் அத்தோடு சரி. அப்படியும் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போய்விடு.

ஒன்று மட்டும் உத்தரவாகவே சொல்கிறேன். நழுவி விழும் கத்தியைப் பிடிக்கப் போகாதே. இடக்கையிலிருந்து நழுவினால் வலக்கை தானாகப் பாயும், அதை அடக்கு. தொட்டியில் ஒரு துண்டை விரித்து வைத்தால் கத்தியும் பிழைக்கும். வெறுங்காலோடு நிற்காதே. அவசரமாகக் கிளம்ப வேண்டிய காலையிலும், கை நடுங்கும் நாளிலும், சாதாரண ரேசரை எடுத்துக்கொள்.

முடிந்ததும் கத்தியை வலக்கைக்கு மாற்றிய பிறகே துடை. முதுகிலிருந்து கூரை நோக்கித் துடை, கூரின் நீளவாக்கில் துணியை ஓட்டாதே. ஆணி இருக்கும் மூட்டில் ஈரம் தங்கித் துரு ஏறும், துணி முனையை உள்ளே விட்டு ஒற்றி எடு. மடக்கும்போது அலகு பிடியின் பக்கத்தில் உரசினால் கூர் அங்கேயே சிதைந்துவிடும், அதனால் பார்த்து மடக்கு.

கத்தி பிய்த்து இழுக்கிறது என்று தோன்றும் நாளில் வலக்கன்னத்தில் ஒரு வழிப்பு போட்டுப் பார். அங்கேயும் இழுத்தால் வாரின் துணிப்பக்கத்தில் 20 தடவையும் தோல்பக்கத்தில் 50 தடவையும் தீட்டிப் பார், அதற்கும் மசியாவிட்டால் கல்லில் தீட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. வலக்கன்னத்தில் சுகமாகப் போய் இடப்பக்கம் மட்டும் இழுத்தால் கத்தியை விட்டுவிட்டு முதுகின் இடைவெளியையும் வலக்கை விரல்கள் நிற்கும் இடத்தையும் பார். தாடை ஓரம் எப்படி வருகிறது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
அப்பா