கேள்வித்தாளுக்கு அப்புறம் என்ன? புற்றுநோய் ஆய்வுக்கு நிதி ஒதுக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிதிக்குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் இளையோரின் மனநலம் குறித்து உங்கள் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் பல ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு கேள்வித்தாள், சில நூறு நோயாளிகள், ஒரே ஒரு முறை நிரப்புதல், இத்தனை விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு என்று ஒரு முடிவு. செலவு குறைவு, ஓராண்டில் முடிந்துவிடும், கட்டுரையும் வெளியாகிவிடும். இந்த வகை ஆய்வுகளுக்கு இனிப் பணம் தராதீர்கள் என்று கேட்கவே இந்த மடல். இந்த வயதினரிடம் மனத்துயர் அதிகம் என்பது தெரிந்துபோன சங்கதி. தெரிந்த பிறகு எதைச் செய்தால் அது குறைகிறது என்பதற்குத்தான் சான்று மெலிந்து கிடக்கிறது.

முதலில் வயது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் கணக்கில் 15 முதல் 39 வரை இளையோர். பள்ளித் தேர்வு எழுத வேண்டியவரும், இரண்டு பிள்ளைகளைப் பெற்றவரும் ஒரே வகுப்புக்குள் வருகிறார்கள். போதாக்குறைக்கு, அளவுகோல்களும் 18 வயதில் மாறுகின்றன. நோயாளியே தன் நிலையைச் சொல்லும் ப்ராமிஸ் கேள்வித்தாளில் சிறுவருக்கான வடிவம் 17 வயதோடு நின்றுவிடுகிறது. அடுத்த பிறந்தநாளில் பெரியவர் வடிவம். ஆய்வின் நடுவே 18 ஆகும் ஒருவரின் முன்மதிப்பெண்ணையும் பின்மதிப்பெண்ணையும் அப்படியே கழித்துப் பார்த்தால் வரும் எண்ணுக்குப் பொருள் இல்லை. இதற்கு என்ன ஏற்பாடு என்று விண்ணப்பத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து அளக்கும் விதம். இங்கேதான் அதிகம் சறுக்குகிறது. மனச்சோர்வை அளக்கப் பரவலாகப் பயன்படும் பி.எச்.க்யூ-9 தாளில் ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தைத் தொட்டால் கவனிக்க வேண்டும் என்பது வழக்கமான எல்லைக்கோடு. தூக்கம், களைப்பு, பசி, கவனம் ஆகிய நான்கையும் கீமோவே குலைத்துவிடும். நான்குக்கும் மூன்று மூன்றாகப் போட்டால் 12. மனம் ஒரு நாள்கூடச் சோராமலே ஒருவர் எல்லையைத் தாண்டிவிட்டார்! இதைத் தவிர்க்கத்தான் 1983-இல் வெளிவந்த மருத்துவமனைப் பதற்றம்-மனச்சோர்வு அளவுகோல் உடல் அறிகுறிகளை வேண்டுமென்றே விட்டுவிட்டு, 14 கேள்விகளோடு அமைந்தது. அதற்காக உடல் கேள்விகளை எல்லாரும் தூக்கிப் போட்டுவிட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. உண்மையான மனச்சோர்வும் முதலில் தூக்கத்தில்தான் தலைகாட்டும். மொத்த மதிப்பெண்ணோடு ஒவ்வொரு கேள்வியின் மதிப்பெண்ணையும் தனித்தனியே தரவேண்டும் என்ற நிபந்தனை போதும்.

கூடவே, நிரப்பிய நாள் சிகிச்சைச் சுற்றில் எத்தனையாவது நாள் என்பதும் பதிவாக வேண்டும். 21 நாள் சுற்றில் மூன்றாம் நாள் சொல்லும் பதிலும் இருபதாம் நாள் சொல்லும் பதிலும் வேறுவேறு ஆட்கள் சொன்னது போல இருக்கும். அடுத்த கீமோவுக்கு வந்து காத்திருக்கும் காலையில் நிரப்பினால் உடல் தேறியிருக்கும், ஆனால் ஊசியை நினைத்த பதற்றம் ஏறியிருக்கும். எந்த நாளும் குறையற்றதல்ல. ஒரே நாளாக இருந்தால் ஒப்பிட முடியும். மருந்துப் பட்டியலும் பக்கத்திலேயே இருக்கட்டும். ரத்தப் புற்றுக்குத் தரும் டெக்ஸாமெத்தசோன் எரிச்சலையும் தூக்கமின்மையையும் கிளப்பும், நிறுத்திய நாட்களில் மனம் சரியும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைடு சிலருக்கு உட்கார முடியாத தவிப்பை உண்டாக்கும், அதைப் பதற்றம் என்று எழுதிவிடுவார்கள். வலிப்புக்குத் தரும் லெவெடிரசெட்டம் சிலரைச் சிடுசிடுப்பாக்கும். இவை பதிவாகாத ஆய்வு மனத்தை அளந்ததா மருந்தை அளந்ததா என்று யாராலும் பிறகு சொல்ல முடியாது.

பி.எச்.க்யூ-9 தாளின் ஒன்பதாம் கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. இப்போது பலரும் கைபேசி வழியே வீட்டிலிருந்தே நிரப்பச் சொல்கிறார்கள். இரவு பதினொன்றுக்கு ஒருவர் அந்தக் கேள்விக்கு 1 அல்லது அதற்கு மேல் மதிப்பெண் போட்டால், திங்கட்கிழமை தரவைத் தரவிறக்கும் உதவியாளர்தான் அதை முதலில் பார்ப்பாரா? யாருக்கு உடனே தகவல் போகும், எத்தனை மணி நேரத்துக்குள் யார் கூப்பிட்டுப் பேசுவார், விடுமுறை நாளில் யார் பொறுப்பு என்ற மூன்றுக்கும் பெயர் சொல்லும் பதில் இல்லாத விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புங்கள். ஸ்வீடனில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களின் பதிவேடுகளைக் கொண்டு 2012-இல் வெளியான பெரிய ஆய்வு, நோய் தெரிந்த முதல் வாரத்தில் தற்கொலை ஆபத்து புற்றுநோய் இல்லாதவர்களைவிட 12.6 மடங்கு என்று கண்டது. 2013-இல் அந்நாட்டின் 15 முதல் 30 வயதினரைப் பார்த்த ஆய்விலும் முதல் ஆண்டில்தான் ஆபத்து கூடுதல். நம் ஆய்வுகளோ நோயாளி ‘நிலைப்பட்ட’ பிறகு, ஒரு மாதம் கழித்துச் சேர்க்கின்றன. தற்கொலை எண்ணம் உள்ளவர்களைத் தகுதியற்றவர்கள் என்று விலக்கியும்விடுகின்றன. யாருக்காக ஆய்வு என்று கேட்கத் தோன்றுகிறது.

உதவி முறைகளைச் சோதிக்கும் ஆய்வுகள் பல நடுவழியில் ஆள் இல்லாமல் நின்றுபோவதற்கு ஒரு முக்கியக் காரணம் கால அட்டவணை. வாரம் ஒன்று, பன்னிரண்டு வாரம் என்ற திட்டம் வெளிநோயாளிப் பிரிவுக்கு எழுதியது. பல மருந்துகளில் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருக்கும், தொற்று எளிதில் பற்றும். காய்ச்சல் வந்தால் திடீரென்று சேர்க்க வேண்டும். மூன்று அமர்வு தவறினால் ‘விலகினார்’ என்று குறித்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் உருவான பிரிஸ்ம் திட்டம் இதற்கு நல்ல மாற்று. 12 முதல் 25 வயதினருக்கு மன அழுத்தத்தைக் கையாளுதல், இலக்கு வைத்தல், எண்ணத்தைத் திருப்பிப் பார்த்தல், அனுபவத்தில் பொருள் காணுதல் என நான்கே திறன்கள், ஒவ்வொன்றுக்கும் 30 முதல் 50 நிமிடம். பயிற்சி பெற்ற ஊழியரே நடத்தலாம், மருத்துவமனை வருகையோடு பொருத்திக்கொள்ளலாம். சோதனையில் மனத்துயர் குறைந்தது. ஆனால் 28 வயதுக்காரருக்கும், வேறு மொழியில் பேசுபவருக்கும் அது அப்படியே பலிக்குமா என்பதைத் தனியே சோதிக்கத்தான் வேண்டும். அந்தச் சோதனைக்குப் பணம் தாருங்கள். அமர்வுக்குத் தனி அறையும் வேண்டும்; படுக்கை ஓரத்தில் அம்மா உட்கார்ந்திருக்கும்போது பதினேழு வயதுப் பையன் ‘நல்லா இருக்கேன்’ என்று மட்டுமே சொல்வான்.

எண்ணிக்கையிலும் கறாராக இருங்கள். பக்கத்துக்கு, அதாவது உதவி பெறும் குழுவுக்கும் ஒப்பீட்டுக் குழுவுக்கும் தலா, 20 பேர் வைத்த சோதனையால் மிகப் பெரிய மாற்றத்தை மட்டுமே உறுதியாகக் காண முடியும். மனநல உதவிகள் அவ்வளவு பெரிய மாற்றம் தருவது அபூர்வம். 0.4 திட்ட விலக்கம் என்ற நடுத்தர விளைவை 80 விழுக்காடு வாய்ப்போடு பிடிக்கப் பக்கத்துக்குச் சுமார் 100 பேர் வேண்டும். 30 விழுக்காட்டினர் விடுபடுவார்கள் என்று வைத்தால் 143, இரு பக்கமும் சேர்த்து 286. ஒரே மருத்துவமனையால் ஆகாது. பத்து சிறு ஆய்வுகளுக்குப் பிரித்துக் கொடுப்பதைவிடப் பல மருத்துவமனைகள் சேர்ந்த ஒன்றுக்குக் கொடுப்பது மேல். ஒப்பீட்டுக் குழுவுக்கு ‘வழக்கமான கவனிப்பு’ என்று எழுதியிருந்தால் அது என்ன என்று கேளுங்கள். ஓரிடத்தில் அது வாராந்திர உளவியலாளர் சந்திப்பு, இன்னோரிடத்தில் ஒன்றுமே இல்லை.

மருந்துகள் பற்றி ஒரு சொல். மனச்சோர்வு மருந்துகள் இளையோரிடம் தற்கொலை எண்ணத்தைக் கூட்டலாம் என்ற அமெரிக்க எச்சரிக்கை 2007 முதல் 24 வயதுவரை நீள்கிறது. மனச்சோர்வு மருந்தான பராக்சடின், மார்பகப் புற்றுக்குத் தரும் டமாக்சிஃபெனின் செயலாக்கத்தைத் தடுக்கும். இன்னொரு மனச்சோர்வு மருந்தான எஸ்சிடலோப்ராமும் வாந்திக்குத் தரும் ஒண்டான்செட்ரானும் சேர்ந்தால் இதயத் துடிப்பில் சிக்கல் வரலாம். ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுக்கான சில கூட்டு முறைகளில் உள்ள புரோகார்பசின் என்ற கீமோ மருந்தோடு இந்த வகை மனச்சோர்வு மருந்துகளை எச்சரிக்கையில்லாமல் சேர்க்கக்கூடாது. ஆகவே ஆய்வுக்குழுவில் மனநல மருத்துவருக்கும் மருந்தாளுநருக்கும் சம்பளப் பங்கு இருக்க வேண்டும். ஆலோசகர் என்று பெயர் மட்டும் போட்டால் வேலை நடக்காது.

கடைசியாகக் காலம். சிகிச்சை முடியும் நாளில் வாரம் ஒருமுறை வந்தவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருபவராகிறார். செவிலியரின் தொலைபேசி அழைப்பு நிற்கிறது, நோய் திரும்புமோ என்ற பயம் ஒவ்வொரு ஸ்கேனுக்கு முன்பும் ஏறுகிறது, வேலையும் படிப்பும் விட்ட இடத்தில் இல்லை. உங்கள் மானியமும் அநேகமாக அந்த மாதமே முடிந்துவிடுகிறது. சிறார் புற்றுநோயில் உளவியல்-சமூகக் கவனிப்புக்கென 2015-இல் வெளியான 15 தர நெறிகளில் நீண்டகாலப் பின்தொடர்தலுக்கும் இடம் இருக்கிறது. அடுத்த சுற்று விண்ணப்பப் படிவத்தை அச்சிடுமுன், சிகிச்சை முடிந்த பின் 24 மாதப் பின்தொடர்தலையும், அதைச் செய்யும் முழுநேர ஊழியர் ஒருவரின் சம்பளத்தையும் கட்டாயப் பகுதியாகச் சேருங்கள். தொகை பெரிதாகும், அனுமதிக்கும் ஆய்வுகளின் எண்ணிக்கை குறையும். குறையட்டும்.

இப்படிக்கு,
புற்றுநோய்ப் பிரிவுகளில் பணியாற்றும் உளவியலாளர்கள், செவிலியர்கள், ஆய்வாளர்கள்