குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, மழைநீர் வடிகால், குப்பை வண்டி நேரம் ஆகியவை பற்றிக் கொடுத்த மனுக்களின் நகல்கள் மினிட்ஸ் புத்தகத்தோடு மேசையில் இருக்கின்றன. வடிகால் வேலை பாதியில் நிற்கிறது, தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த அறிக்கையில் பெரும்பகுதியை மாதாந்திரச் சட்ட ஆலோசனைக் கூட்டத்துக்கே ஒதுக்கியிருக்கிறேன். "சங்கத்துக்கு இது எதற்கு?" என்று சென்ற பொதுக்குழுவில் சிலர் கேட்டீர்கள். இந்த ஓராண்டில் நம் தெருக்காரர்கள் வந்து கேட்ட கேள்விகளே அதற்குப் பதில். கேட்டவர்களின் சம்மதத்தோடு, பெயரில்லாமல் சொல்கிறேன்.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை, நம் பகுதியிலேயே குடியிருக்கும் இரண்டு வழக்கறிஞர்கள் சங்கக் கட்டடத்தில் வந்து உட்காருகிறார்கள். கட்டணம் கிடையாது. இங்கே கேட்டவர்களின் வழக்கைத் தாங்களே எடுத்து நடத்துவதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள், இன்றுவரை அப்படியே நடக்கிறார்கள்.

அதிகம் வந்தது வாடகை விஷயம். வீட்டைக் காலி செய்து மாதக்கணக்கில் ஆகியும் அட்வான்ஸ் திரும்பவில்லை என்று குடியிருந்தவர்கள் வந்தார்கள். வாடகை பாக்கி வைத்துக்கொண்டு காலி செய்ய மறுக்கிறார்கள் என்று வீட்டுக்காரர்களும் வந்தார்கள். இரு தரப்பும் நம்புவது பதினோரு மாத அக்ரிமெண்டை. பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால் வந்த பழக்கம் அது. ஆனால் நகர்ப்புறங்களில் இப்போது இருப்பது 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அல்ல. 2017-இல் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம். பதினோரு மாதமோ ஐந்து வருடமோ, எழுதிக்கொண்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக, மீதியைத் திருப்பித் தர வேண்டும். வாடகையைக் கூட்டுவதற்கு மூன்று மாதம் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். என்ன சண்டை ஆனாலும் தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தக்கூடாது. அக்ரிமெண்டே போடாமல் இருந்தால், அதையே காரணமாகக் காட்டி வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கேட்கவும் இந்தச் சட்டத்தில் இடம் உண்டு. இது நம்மில் பலருக்குத் தெரியாது.

இதோடு சேர்த்து வீட்டுக்காரர்கள் தயங்கித் தயங்கிக் கேட்ட கேள்வி ஒன்று: "பன்னிரண்டு வருஷம் குடியிருந்தால் வீடு அவர்களுக்கே சொந்தமாகிவிடுமாமே?" ஆகாது. உங்கள் அனுமதியோடு வாடகைக்கு வந்தவர் எத்தனை வருடம் இருந்தாலும் வாடகைதாரர்தான். இந்தப் பயத்தாலேயே நல்ல குடித்தனக்காரர்களை மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்றுகிறவர்கள் நம் தெருவில் இருக்கிறார்கள். தயவுசெய்து அதை விடுங்கள்.

அடுத்தது கடன். ஆகஸ்ட் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு புரோநோட்டை எடுத்து மேசையில் வைத்தார். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன்மேல் கையெழுத்து வாங்கியிருக்கிறார். தொகை எழுத்திலும் எண்ணிலும் இருக்கிறது. எல்லாம் முறைதான். வழக்கறிஞர் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. முன்பக்கத் தேதியிலிருந்து மூன்று வருடம் முடிந்து சில நாட்கள் ஆகியிருந்தன. கடன் வாங்கியவர் இடையில் இரண்டு முறை வட்டி கொடுத்திருக்கிறார். அப்போதே நோட்டின் பின்னால் தேதி போட்டு, இவ்வளவு வரவு என்று எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தால் அந்த நாளிலிருந்து இன்னொரு மூன்று வருடம் கிடைத்திருக்கும். "மூஞ்சியில அடிச்ச மாதிரி எப்படி சார் கையெழுத்து கேட்கிறது?" என்றார். பழக்கத்துக்குக் கொடுத்த கடனில் எல்லோருக்கும் வரும் சங்கடம் இது. அவருக்கு இன்னொரு வழி இருந்தது. காலாவதியான கடனையும் தருகிறேன் என்று கடனாளி புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி அது செல்லும். கடன் வாங்கியவர் நேர்மையானவர். மறுவாரமே புது நோட்டு எழுதிக் கொடுத்தார். எல்லோருக்கும் அப்படி அமையாது. வீட்டில் புரோநோட்டு வைத்திருப்பவர்கள் இன்று போய்த் தேதியைப் பாருங்கள்.

செக் திரும்பியவர்களுக்கு நாள் இன்னும் குறைவு. பாங்கிலிருந்து மெமோ வந்த முப்பது நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்த பதினைந்து நாளுக்குள் பணம் வராவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். "தரேன் தரேன்னு சொன்னார், அதான் பொறுத்துப் பார்த்தேன்" என்று வந்தவர்கள் பெரும்பாலும் இந்த நாட்களைத் தாண்டித்தான் வந்தார்கள். ஜாமீன் கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்று சொல்லித்தான் கேட்பார்கள். கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் அவரிடம் வசூலித்துவிட்டு அப்புறம் என்னிடம் வா என்று பாங்கிடம் சொல்ல முடியாது.

சொத்துக் கேள்விகளில் என்னை மிகவும் பாதித்தது பெண் பிள்ளைகளின் பங்கு பற்றியது. கல்யாணமாகி இருபது, முப்பது வருடம் ஆனவர்கள் வந்து, "எனக்கும் பங்கு இருக்கா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள், ஏதோ தப்புச் செய்வது போல. இந்துக் குடும்பங்களைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் 1989-லேயே, அதுவரை கல்யாணமாகாத பெண்களுக்கு மூதாதையர் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை வந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் கல்யாணமானவர்களுக்கும் சேர்த்து நாடு முழுக்க வந்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற வாதத்தையும் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. உரிமை பிறப்பால் வருகிறது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்துப் பதிவு செய்திருந்தால் மட்டும் அதைத் திரும்பக் கிளற முடியாது. அப்பா தானே சம்பாதித்த சொத்து வேறு. அதை அவர் விருப்பப்பட்டவருக்கு எழுதலாம். எழுதாமல் இறந்துபோனால் மனைவி, மகன்கள், மகள்கள், அப்போது உயிரோடு இருந்தால் அவருடைய தாயார், எல்லோருக்கும் சம பங்கு. நகை போட்டதும் சீர் செய்ததும் இந்தப் பங்கைக் குறைக்காது.

ஓர் அம்மா கொண்டுவந்தது விடுதலைப் பத்திரத்தின் நகல். "பட்டா மாத்தணும், ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போ" என்று தம்பி சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். மதியச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார். பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தில், தன் பாத்தியதை முழுவதையும் மனப்பூர்வமாக விட்டுக்கொடுப்பதாக எழுதி, கீழே இவர் கையெழுத்தும் கைரேகையும் இருக்கின்றன. பதிவான பத்திரத்தை ஏமாற்றி வாங்கினார்கள் என்று நிரூபிக்க சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். அதற்கும் மோசடி தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் கெடு. "தம்பி மேல கேஸ் போடுறதா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார். கையெழுத்துக்கு முந்தின நாள் வந்திருந்தால், பத்திரத்தை வாசித்துச் சொல்லப் பத்து நிமிடம் போதும். ஆண்டு முழுவதும் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதைத்தான். நம் மக்கள் வக்கீலிடம் வருவது கையெழுத்துப் போட்ட பிறகு.

பெரியவர்கள் விஷயமும் அப்படியே. பிள்ளைகளுக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவிட்டு, பிறகு சாப்பாட்டுக்கே தடுமாறுகிறவர்கள் நம் பகுதியிலும் இருக்கிறார்கள். 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்யலாம். மனுவைக் கோட்டாட்சியரிடம் கொடுக்க வேண்டும். மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சமும் அங்கேயே கேட்கலாம். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைப் பெரியவர்கள் பக்கமாகத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்று சொன்னது ஆறுதல். ஆனாலும் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே ஒரு வரி எழுதிவிடுவதுதான் பாதுகாப்பு என்பது நம் வழக்கறிஞர்களின் கருத்து. என்னைக் கேட்டால், உயிரோடு இருக்கும்போது எழுதிக்கொடுப்பதை விட உயில் நல்லது. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். சாட்சி உங்களை விட வயதில் இளையவராக இருக்கட்டும். மனம் மாறினால் உயிலை மாற்றி எழுதலாம், செட்டில்மெண்டை அப்படி மாற்ற முடியாது.

"நாமினியில் என் பெயர்தான் இருக்கு, பணம் எனக்குத்தானே?" என்று அண்ணன் தம்பிகள் ஒரே மாதத்தில் தனித்தனியாக வந்து கேட்டார்கள். பாங்க் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமைதான் நாமினிக்கு. அது வாரிசுகள் எல்லோருக்கும் உரியது. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் தாசில்தார் கொடுப்பார்.

போலீஸ் பக்கம் சட்டமே மாறியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்திருக்கிறது. புகாரைக் கொடுத்தால் குறைந்தபட்சம் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் அதன் நகல் இலவசம். "எங்க லிமிட் இல்லை" என்று எந்த ஸ்டேஷனும் திருப்பி அனுப்பக்கூடாது. பதிவு செய்ய மறுத்தால் எஸ்.பி.க்கு எழுதலாம், அப்புறம் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். விசாரணைக்குச் சாட்சியாகப் பெண்களையும், 15 வயதுக்குக் கீழும் 60 வயதுக்கு மேலும் உள்ளவர்களையும் ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி வற்புறுத்தக்கூடாது, வீட்டில் வந்துதான் விசாரிக்க வேண்டும். அப்புறம் அந்த 'டிஜிட்டல் அரெஸ்ட்'. நம் சட்டத்தில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது. வீடியோ காலில் யார் யூனிஃபார்மில் வந்து மிரட்டினாலும் போனை வையுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். இதில் ஒரு மணி நேரத் தாமதம் கூடப் பெரிது.

நுகர்வோர் புகார்கள் குறைவாகவே வந்தன. இரண்டு வருடத்துக்குள், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை.

வக்கீல் ஃபீஸுக்குப் பயந்துதான் பலர் வராமல் இருக்கிறார்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில், பெண்கள் எல்லோருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்களுக்கும் அப்படியே. இதை நவம்பர் கூட்டத்தில் சொன்னபோது நம் மகளிர் குழுவில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. 30 ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கும் உரிமை இது! இலவச எண் 15100. கோர்ட் வளாகத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. டிசம்பர் 14 அன்று நடந்த தேசிய மக்கள் நீதிமன்றத்துக்கு நம் உறுப்பினர்கள் சிலரைக் கூட்டிப் போனோம். கோர்ட்டில் நிலுவையில் இருந்த வழக்கு அங்கே சமரசமாக முடிந்தால், கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும். அந்தத் தீர்ப்பின் மேல் அப்பீல் கிடையாது என்பதால், யோசித்துச் சம்மதிக்க வேண்டும்.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். ஞாயிறு காலையில் பெண்களால் வர முடிவதில்லை. அதனால் வார நாளில் மாலை நேரம் ஒரு கூட்டம் தனியாக வேண்டும். பெண் வழக்கறிஞர் ஒருவரை அனுப்பக் கேட்டுச் சட்டப் பணிகள் குழுவுக்குக் கடிதம் தயாராக இருக்கிறது. இரண்டாவது, பத்திரம், அக்ரிமெண்ட், ஜாமீன் படிவம் எதுவானாலும் கையெழுத்துக்கு முன் வாசித்துச் சொல்ல, மாதக் கூட்டம் வரை காத்திருக்காமல், போனில் நேரம் குறித்துக்கொள்ளும் ஏற்பாடு. வழக்கறிஞர்கள் இருவரும் சம்மதித்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளை நமக்காக ஒதுக்கிய அவர்களுக்கும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் டீயும் நாற்காலியும் பார்த்துக்கொண்ட இளைஞர் அணிக்கும், தங்கள் கதையை மற்றவர்களுக்காகச் சொல்லச் சம்மதித்த உறுப்பினர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி. இந்த அறிக்கையையும் இரு கோரிக்கைகளையும் ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்