ரேடியேட்டர் செலவு

பிராம்ப்டன், கனடா
ஜனவரி 28

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். இந்த மாதம் பணம் பாதிதான் வந்திருக்கும். போனில் சொன்னால் அம்மா காதிலும் விழும், அதனால்தான் எழுதுகிறேன். வேறொன்றுமில்லை, காரில் என்ஜினைக் குளிர வைக்கிற ரேடியேட்டர் போய்விட்டது.

போன வாரம் காலையில் மைனஸ் 18 டிகிரி. 401 நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது ஹீட்டரில் திடீரென்று குளிர்காற்று வந்தது. ஹீட்டர்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டினேன். அங்கேதான் தப்பு செய்தேன். என்ஜின் சூட்டை வாங்கிக்கொண்டு வருகிற அதே கூலண்ட் திரவம்தான் இங்கே ஹீட்டருக்கும் போகிறது. அது குறைந்தால் முதலில் நம் கால் விறைக்கும், அப்புறம்தான் சூடு காட்டும் முள் ஏறும். முள் ஏறியதும் ஓரங்கட்டிவிட்டேன். ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. திம்பம் மலையில் வண்டி கொதித்தபோது நீங்கள் அவசரப்பட்டுத் திறந்து கையில் வாங்கிய தழும்பு எனக்கு மறக்குமா?

வண்டியை இழுத்துப் போகவே 120 டாலர். பட்டறையில் தூக்கிக் காட்டினார்கள். ரேடியேட்டர் ஓரத்தில் கசிந்த கூலண்ட் ரோஸ் நிறத்தில் உப்புப் பூத்த மாதிரி காய்ந்திருந்தது. ஒட்டிக் கொடுக்க முடியாதா என்று கேட்டேன். மெக்கானிக் சிரித்தார். சங்ககிரியில் நம் லாரிக்கு இருந்தது செம்பும் பித்தளையும். ஈயம் வைத்து ஒட்டினால் மறுநாள் லோடு ஏற்றலாம். இது 2006 கரோலா. நடுவில் அலுமினியம், மேலும் கீழும் பிளாஸ்டிக் தொட்டி, இரண்டையும் மடித்துக் கவ்வ வைத்திருக்கிறார்கள். இத்தனை வருடம் சூட்டில் வெந்து பிளாஸ்டிக் அப்பளமாகிவிட்டது. எதன் மேல் ஈயம் வைப்பது?

கணக்கு இதுதான். ரேடியேட்டர் 190 டாலர், கம்பெனி சரக்கு இல்லை. கம்பெனி சரக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் சொன்னார்கள். ரப்பர் ஹோஸ் இரண்டும் சேர்த்து 40, கூலண்ட் 45. கூலி மணிக்கு 130 வீதம் இரண்டரை மணி நேரத்துக்கு 325. ஆக 600. அதற்கு மேல் 13 சதவீதம் வரி. மொத்தம் 678 டாலர், நம் பணத்தில் நாற்பதாயிரத்துக்கு மேல். பொருளை விடக் கூலி அதிகம் என்பதைப் பார்த்தீர்களா? நம் ஊர் பட்டறையில் இந்தக் கூலிக்கு ஒரு பையன் மாதம் முழுக்க வேலை செய்வான்.

வண்டியை வாங்கியதே 3,200 டாலருக்கு. அதற்கு இவ்வளவு போடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் இது ஆட்டோமேட்டிக். கியர் பாக்ஸ் ஆயிலும் குளிர்வதற்கு இதே ரேடியேட்டரின் கீழ்த்தொட்டிக்குள் வந்து போகிறது. உள்ளே உடைந்து தண்ணீரும் ஆயிலும் கலந்தால் கியர் பாக்ஸும் போகும், அப்புறம் காரையே எடைக்குத்தான் போட வேண்டும். சரி, மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். ஓட்டையை அடைக்க ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போட்டாயா என்றுதானே? அம்மா கொடுத்தனுப்பிய பொட்டலம் அலமாரியில்தான் இருக்கிறது. உண்மையைச் சொன்னால், ஒரு நிமிடம் எடுத்துக் கையிலேயே வைத்திருந்தேன். ஹீட்டரின் குழாய்கள் மெல்லியவை, அடைத்துக்கொண்டால் அது தனிச் செலவு என்று விட்டுவிட்டேன். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுவதும் இங்கே நடக்காது. உறையும்போது தண்ணீர் 9 சதவீதம் பெருகும், என்ஜின் பிளாக்கே வெடித்துவிடும். தண்ணீரும் கூலண்டும் சரிபாதி கலந்தால் மைனஸ் 37 வரை தாங்கும்.

ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. இந்த ஒன்டாரியோ மாகாணத்தில் பட்டறைக்காரர்கள் முதலில் எழுதிக் கொடுத்த தொகைக்கு மேல் 10 சதவீதத்துக்கு அதிகமாகக் கேட்கக் கூடாது என்று சட்டம். 90 நாள் அல்லது 5,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை வேலைக்கு அவர்கள் பொறுப்பு. கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கலாம். நான் வாங்கி டிக்கியில் போட்டிருக்கிறேன். படம் எடுத்து அனுப்புகிறேன், வெடிப்பு எங்கே என்று நீங்களே பாருங்கள்.

மீதிப் பணம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் வந்துவிடும். அம்மா கேட்டால் 200 டாலர் ஆனதாம் என்று சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்