படிக்கட்டில் விளக்குப் போட்டவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மடலில் உங்கள் யார் பெயரையும் போடவில்லை. பாதிப் பேர் "எதுக்கு இதெல்லாம்?" என்று திட்டுவீர்கள். மீதிப் பேருக்கு மனநலம் பற்றிய பேச்சில் தங்கள் பெயர் வருவதே சங்கடம். படிக்கும்போது யாரைச் சொல்கிறேன் என்று அவரவருக்குத் தெரிந்துவிடும், அது போதும்.

முதல் நன்றி சுகாதாரப் பணியாளர் அக்காவுக்கு. பழைய இடத்திலிருந்து எங்களைக் கிளப்பி, ஊருக்கு வெளியே இந்த மாடி வீடுகளில் கொண்டுவந்து விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. வேலைக்குப் போக இரண்டு பஸ் மாற வேண்டும். மூன்று முறை தாமதமானதும் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் ராத்திரி தூக்கமில்லை, பகலில் எழுந்திருக்க மனமில்லை. ரத்த அழுத்தம் பார்க்க வந்த நீங்கள், கருவியைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன்பே கேட்டீர்கள்: "ஏன் இவ்வளவு மெதுவா நடக்கிற?"

கால் வலி என்றேன். "கால் இல்ல" என்றீர்கள்.

அப்புறம் நீங்கள் கேட்டதில் நோய் பற்றிய கேள்வியே குறைவு. கடன் எத்தனை இடத்தில்? தண்ணீர் பிடிக்க எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறாய்? கீழே இறங்கி எத்தனை நாள் ஆச்சு? கடைசியாக யாரோடு உட்கார்ந்து பேசினாய்? நோட்டின் ஒரு பக்கத்தில் என் உடம்பு சொன்னதை எழுதினீர்கள், எதிர்ப்பக்கத்தில் இந்தப் பதில்களை. எதிர்ப்பக்கம்தான் நிறைந்தது.

அந்த நடை விஷயத்தை வாத்தியார் ஐயாவிடம் ஒருநாள் சொன்னேன். அவர் ஆஸ்திரியாவில் உள்ள மரியந்தால் என்ற சிற்றூரைப் பற்றிச் சொன்னார். 1930 வாக்கில் அங்கே நெசவாலை மூடப்பட்டது. கிட்டத்தட்ட ஊரே வேலையிழந்தது. மரி யஹோடா என்ற சமூக உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் அந்த ஊரை ஆராய்ந்து 1933இல் வெளியிட்டார்கள். நேரம் கொட்டிக் கிடந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோயிருந்தது. தெருவில் நடப்பவர்களின் வேகத்தைக்கூட அவர்கள் அளந்திருக்கிறார்கள். வேலையிழந்த ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், நடுநடுவே நின்றார்கள். பெண்கள் அப்படி நிற்கவில்லை, வீட்டு வேலை அவர்களை விடவில்லை. ஐயா, சோம்பேறி என்று என் வீட்டிலேயே பேர் வாங்கியிருந்தவள் நான். அன்றைக்கு நீங்கள் ஒரு ஊரையே எனக்குத் துணைக்குக் கொடுத்தீர்கள்.

டாக்டர் அம்மாவுக்கு நன்றி. மாத்திரையே வேண்டாம் என்கிறவர்கள் கட்சியில் நான் இல்லை. நாலு மணி நேரமாவது தூங்க வைத்தது அதுதான். ஆனால் "மாத்திரைக்கு வட்டி கட்டத் தெரியாதும்மா" என்று நீங்களே சொல்லி, இலவச சட்ட உதவிக்கு வழி காட்டினீர்கள். புத்தி மழுங்கிவிட்டது, கூட்டல் கணக்குகூட வரவில்லை என்று நான் அழுதபோது ஓர் ஆய்வைச் சொன்னீர்கள். தமிழ்நாட்டில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்துப் பார்த்தார்களாம். முடிவுகள் 2013இல் வந்தன. அதே ஆள்தான், ஆனால் கையில் காசில்லாத மாதங்களில் புதிர்களில் தடுமாறினார், அறுவடைப் பணம் வந்தபின் தேறினார். சட்ட உதவி அண்ணன் என் கடன்களை ஒரே தாளில் எழுதி, வட்டிக்காரரிடம் பேசி மாதத் தவணையாக மாற்றிய வாரத்தில் எனக்கும் கூட்டல் வந்தது!

"மனசைத் திடமா வச்சுக்கோ" என்று சொன்னவர்களையும் இதில் சேர்க்கலாமா என்று யோசித்தேன். நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனாலும் மூன்று மணிக்குத் தண்ணீர் பிடிக்க எழுந்து, ஐந்து மணிக்குப் பஸ்ஸுக்கு ஓடுகிறவளைத் தியானம் செய்யச் சொன்னால் அவள் அதை எந்த நேரத்தில் செய்வாள்? சரி, விடுங்கள்.

இப்போது எலக்ட்ரீஷியன் தம்பிக்கு வருகிறேன். எங்கள் கட்டடத்தில் நான்கு மாடிக்கும் படிக்கட்டு விளக்கு எரிந்ததில்லை. இருட்டினால் எல்லா வீட்டிலும் தாழ்ப்பாள். நாலு இடத்திலிருந்து வந்து சேர்ந்தவர்கள், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணியைக் கடன் வாங்கி வந்து, ஹோல்டர் மாற்றி, ஒயர் இழுத்து, மாடிக்கொரு பல்பு போட்டுவிட்டுப் போனாய். மறுநாள் சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண் தன் மகளைப் படியில் உட்கார வைத்து வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்தாள். உள்ளேயைவிட அங்கே வெளிச்சம் அதிகமாம். நான் இரண்டு படி கீழே உட்கார்ந்தேன். இங்கே வந்ததிலிருந்து அவளோடு பேசிய முதல் நாள் அது. ஒரு வாரத்தில் ஆறு பேர் ஆனோம். அதில் மூன்று பேர் நான் சாப்பிடுகிற அதே மாத்திரையைத் துணி அடுக்குக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தது மெல்லத்தான் தெரிந்தது.

அக்கா இதைப் பார்த்துவிட்டு ஜிம்பாப்வே கதையைச் சொன்னார். 2005இல் அந்த நாட்டுத் தலைநகர் ஹராரேயில் ஏராளமான குடிசைகளை அரசே இடித்தது. அடுத்த ஆண்டு டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர், 14 பாட்டிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். சுகாதார நிலையத்துக்கு வெளியே மர பெஞ்சில் அவர்கள் உட்கார்ந்து, வருகிறவர்களின் பேச்சைக் கேட்டார்கள். அங்கே ஷோனா மொழியில் இந்த மனச்சோர்வு நோய்க்குப் பெயரே 'அளவுக்கு மீறி யோசிப்பது'. நாம் "எப்பவும் ஒரே யோசனையா இருக்கு" என்கிறோமே, அதேதான். 2016இல் வெளியான ஆய்வில் 573 பேர் இருந்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, பெஞ்சில் பேசியவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அறிகுறிகள் குறைந்திருந்தன. அந்தப் பாட்டிகள் புத்திமதி சொல்வதில்லையாம். மனசில் இருப்பதையெல்லாம் கொட்டச் சொல்லி, அதில் ஒன்றை மட்டும் முதலில் எடுக்கச் சொல்வார்களாம்.

நாங்களும் ஒன்றை எடுத்தோம். அது பஸ். வாத்தியார் ஐயா ஐந்து மனு எழுதினார், படிக்கட்டுக் கூட்டம் கையெழுத்து வாங்கியது. இப்போது காலையில் நேராகப் போகும் பஸ் ஒன்று வருகிறது. நான் மறுபடி வேலைக்குப் போகிறேன். மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது, நிறுத்தவில்லை. மேல் மாடியில் ஒரு அம்மா இன்னும் கதவைத் திறப்பதில்லை. எதிர்வீட்டுப் பெண் தினமும் போய்த் தட்டிவிட்டு வருகிறாள்.

தம்பி, மூன்றாம் மாடி பல்பு போய்விட்டது. புது ஹோல்டர் வாங்கி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா? ஏணி தேட வேண்டாம், எங்கள் வீட்டில் இருக்கிறது.

அன்புடன்,
இரண்டாம் மாடி அக்கா