மூன்று பேரோடு போன வண்டி

கோத்தகிரி,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் அம்மா மாத்திரை போட்டாயிற்றா என்று கேட்டுக்கொண்டே நின்றாள், சிக்னல் வேறு போய்ப் போய் வந்தது. ராத்திரி படுத்த பிறகும் அதே நினைப்புதான், அதனால் காலையில் முதல் வேலையாக உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுமையாகப் படி.

அமெரிக்காவில் உங்கள் ஊர் நகர நிர்வாகம் தீயணைப்புத் துறைக்குப் புதிதாக 12 பேரை எடுக்க நினைக்கிறது, அதற்காக வீட்டு வரி கொஞ்சம் கூடும், செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் ஊரில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம் என்றாய். தீப்பிடிப்பது எப்போதோ ஒரு தடவை, இருக்கிறவர்களே ஸ்டேஷனில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், இன்னும் 12 பேர் எதற்கு என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாராம், உனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறதாம். எனக்கு மனசு கொஞ்சம் வலித்தது. ஆனால் உன்மேல் கோபம் இல்லை. 30 வருஷம் அந்த வேலை பார்த்த நான் வீட்டில் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை, அப்புறம் உனக்கு எப்படித் தெரியும்?

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ இரண்டாம் வகுப்பு படிக்கும்போது அம்மாவோடு ஸ்டேஷனுக்குச் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவருவாய். பின்பக்கத்தில் நாங்கள் வாலிபால் ஆடிக்கொண்டிருப்போம். ஒரு நாள் சாயங்காலம் பந்து மேலே போயிருக்கும்போதே பெல் அடித்தது. பந்து கீழே விழுந்து, உருண்டு, உன் காலடியில் வந்து நிற்பதற்குள் அங்கே ஒருத்தரும் இல்லை. நீ பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாய் என்று அம்மா அப்புறம் சொன்னாள். அந்த ஓட்டத்துக்காகத்தான் அந்த வாலிபால். காலையில் பரேடு, பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்து பம்பை ஓட்டிப் பார்ப்பது, முந்தின நாள் ஈரமாகத் திரும்பிய ஹோஸைக் கழுவித் தொங்கவிடுவது (ஜூலை மழையில் இந்த மலையில் அது மூன்று நாளானாலும் காயாது), ஏணிக் கயிற்றை இழுத்துப் பார்ப்பது, இதெல்லாம் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குச் சும்மா இருப்பதாகத்தான் தெரியும். வேறு ஏதோ வேலையில் இருக்கிறவனைத் தேடிப் பிடித்துக் கூட்டிவருகிற நேரத்தில் வீடு போய்விடும் கண்ணு. தயாராக ஒருத்தன் காத்திருக்க வேண்டும், அதற்குத்தான் சம்பளம்.

இப்போது சொல்லப்போவது அம்மாவுக்கு மட்டும் தெரியும். 1998 ஜனவரி. அன்றைக்கு உறைபனி விழுந்து புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது. ராத்திரி ஒரு மணி சுமாருக்கு ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில் தீ என்று கால் வந்தது. ஆறு வீடு ஒரே வரிசை, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் கூரைவரை போகாது. ஒரு வீட்டில் பிடித்தால் மேலே அந்த இடைவெளி வழியாகவே அடுத்த வீட்டுக்குத் தாவும். முதல் வீட்டில் குளிருக்கு வைத்த கரிச்சட்டியிலிருந்து பிடித்ததாகப் பிற்பாடு சொன்னார்கள்.

ஆறு பேர் ஏற வேண்டிய வண்டியில் மூன்று பேர் ஏறினோம். ஒருத்தர் லீவு, ஒருத்தர் திருவிழா டூட்டி, இன்னொரு இடம் வருஷக்கணக்கில் ஆள் போடாமலே காலியாகக் கிடந்தது. டிரைவர், நான், வேலைக்குச் சேர்ந்து நாலு மாதமே ஆன ஒரு பையன். வண்டி லயம்வரை போகாது, மேட்டிலேயே நிறுத்திவிட்டுத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே கீழே நாலு ஹோஸ் இறக்கினோம். காலியாக இருக்கும்போது ஹோஸைப் பாய் மாதிரி சுருட்டித் தோளில் போட்டுக்கொள்ளலாம். தண்ணீர் ஏறிவிட்டால் 15 மீட்டர் ஹோஸ் ஒன்றுக்குள் மட்டும் கிட்டத்தட்ட 47 லிட்டர் நிற்கும், நாலுக்கும் சேர்த்து 188 கிலோ, அதைக் கும்மிருட்டில் பனியில் வழுக்குகிற சரிவில் இரண்டு பேர் இழுக்க வேண்டும். டிரைவர் உதவிக்கு வர முடியாது, பம்பை விட்டு அவர் நகர்ந்து பிரஷர் விழுந்தால் முன்னால் நிற்கிறவன் கதி அதோகதி.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு வீடு எரிந்துகொண்டிருந்தது. செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். மூன்றாவது வீட்டின் மேல் ஏணி வைத்து ஏறி நாலு தகரத்தைப் பிடுங்கி எறிந்தால் தீ அங்கேயே நின்றுவிடும், அதற்கு இரண்டு ஆள் வேண்டும். அதே நேரம் கடைசி வீட்டில் பாட்டி இருக்கிறாள் என்று ஒரு பெண் கத்தினாள். இரண்டு பேர் பிடிக்க வேண்டிய பிராஞ்சை, அதாவது தண்ணீர் பீய்ச்சுகிற ஹோஸ் முனைக் குழாயை, அந்தப் பையன் கையில் மட்டும் கொடுத்துவிட்டு நான் உள்ளே போனேன். தீ இன்னும் வரவில்லை, கூரைக்கு அடியில் வந்த புகை இடுப்புவரை இறங்கியிருந்தது. தரையோடு தரையாக, இடது கையால் சுவரைத் தொட்டுக்கொண்டே தவழ்ந்தேன். கையில் முதலில் பட்டது ஒரு அலுமினியப் பானை, அப்புறம் ஒரு கம்பளி, கம்பளிக்குள் பாட்டி. கம்பளியோடு சேர்த்து இழுத்துக்கொண்டு வெளியே வந்து வரப்பில் கால் தவறி விழுந்தேன். மழைக்காலத்தில் நான் படிக்கட்டில் பக்கவாட்டாக இறங்குவேனே, அது அந்த முட்டிதான். நான் உள்ளேயே மயங்கி விழுந்திருந்தால் தேடி வர ஆள் கிடையாது. நான் போனதைப் பார்த்த ஒரே ஆள் அந்தப் பையன், அவன் இரண்டு கையும் பிராஞ்சில்.

பாட்டி பிழைத்துக்கொண்டாள். ஆனால் நான் எழுந்து நின்று பார்த்தபோது ஐந்தாவது வீட்டுக் கூரையிலும் தீ. விடிந்ததும் உன்னைவிட மூன்று நாலு வயது பெரிய பிள்ளை ஒருத்தி சாம்பலைக் கிளறி அவளுடைய ஜியோமெட்ரி பாக்ஸைத் தேடி எடுத்தாள். உள்ளே இருந்த பிளாஸ்டிக் ஸ்கேல் உருகி மூடியோடு ஒட்டிப்போயிருந்தது. அவள் அழவில்லை, நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். இன்னும் இரண்டே இரண்டு பேர் வண்டியில் வந்திருந்தால் அந்த மூன்று வீடும் நின்றிருக்கும். இத்தனை வருஷமாகியும் இதை என்னால் வேறு மாதிரி நினைக்க முடியவில்லை.

வண்டியும் மெஷினும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2024 மார்ச்சில் குன்னூர் பக்கம் காடு பற்றி நாள்கணக்கில் எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர் ரேலியா அணையில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றியது, ஊரே அண்ணாந்து பார்த்தது. ஆனால் சீகை மரத்துக்கும் யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரத்துக்கும் அடியில் முழங்கால் உயரத்துக்குச் சருகு கிடக்கும், மேலே ஊற்றியது போக அடியில் புகைந்துகொண்டிருப்பதைப் பச்சைக் கிளையால் அடித்தும் மண்ணைக் கிளறியும் அணைக்க ஆள்தான் நடந்து போக வேண்டும். அதற்கு முன்னால் 2021 டிசம்பர் 8, நஞ்சப்பசத்திரத்தில் ராணுவ ஹெலிகாப்டர் விழுந்த அன்றைக்கு, தீயணைப்பு வண்டி போக அங்கே பாதையே இல்லை, அந்தச் சனங்கள்தான் வீட்டுக் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள், அடிபட்டவர்களைத் தூக்கக் கம்பளி கொடுத்தார்கள்.

சரி, உங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆளெடுப்பைப் பற்றி நீ அனுப்பிய காகிதத்தைத் தமிழில் மாற்றிப் போட்டு இரண்டு தடவை படித்தேன். 12 பேர் என்றதும் பெரிதாகத் தெரிகிறது. அங்கே 24 மணி நேரம் வேலை, 48 மணி நேரம் ஓய்வு என்று மூன்று ஷிப்ட். அப்படியானால் ஒரு ஷிப்டுக்கு நாலு பேர், அதில் லீவு, காய்ச்சல், பயிற்சி போனால் நின்று நிலைப்பது மூன்று. உங்கள் ஊரில் மூன்று ஸ்டேஷன். ஆக ஒரு வண்டிக்கு ஒரே ஒரு ஆள் கூடுகிறார். இப்போது மூன்று பேர் போகிற வண்டியில் இனி நாலு பேர் போவார்கள், அவ்வளவுதான் இந்த 12 பேர்.

அந்த ஒரு ஆளுக்கு என்ன மதிப்பு என்று அந்த நாட்டிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். நிஸ்ட் என்ற அரசு நிறுவனம் 2010-ல் வெளியிட்ட ஆய்வு அது. 2,000 சதுர அடி வீடு ஒன்றைக் கட்டி, தீ வைத்து, குழுவில் ஆள் எண்ணிக்கையை மாற்றி மாற்றி அனுப்பிப் பார்த்தார்கள். ஹோஸ் இழுப்பது, ஏணி வைப்பது, உள்ளே தேடுவது என்று 22 வேலை. வண்டிக்கு நாலு பேர் வந்தபோது மூன்று பேர் வந்ததைவிட கிட்டத்தட்ட 25 சதவீதம் சீக்கிரம், அதாவது ஐந்து நிமிஷத்துக்கு மேல் முன்னதாக, அத்தனையும் முடிந்தது. ஐந்து நிமிஷம்தானே என்று அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லலாம். அங்கேயே யூஎல் என்ற சோதனைக்கூடத்தில் பழைய காலத்து மர நாற்காலி, பருத்தித் துணி இருந்த அறைக்கும், இப்போதைய நுரை சோபா போட்ட அறைக்கும் தீ வைத்துப் பார்த்தார்கள். பழைய அறை மொத்தமாகப் பற்ற அரை மணி நேரம் ஆயிற்று, புது அறைக்கு நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. உங்கள் ஹாலில் இருப்பது எந்த மாதிரி சோபா என்று உனக்கே தெரியும்.

இன்னொன்று. புகை சூழ்ந்த வீட்டுக்குள் இரண்டு பேர் போனால் வெளியே இரண்டு பேர் தயாராக நிற்க வேண்டும் என்று அங்கே விதியே இருக்கிறது. உள்ளே ஆள் மாட்டியிருந்தால் மட்டும் விலக்கு. அதனால் மூன்று பேரோடு வந்த வண்டி முறைப்படி அடுத்த வண்டி வரும்வரை வாசலில் நிற்க வேண்டும், அல்லது நான் அன்றைக்குப் போன மாதிரி போக வேண்டும். அப்படி எந்த வீட்டுப் பிள்ளையும் போகக் கூடாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தீ எப்போதோதான் பிடிக்கும் என்பது உண்மை. அங்கே தீயணைப்புத் துறைக்கு வருகிற அழைப்பில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு மருத்துவ உதவிக்குத்தான். போன வருஷம் சம்பந்தியம்மா உங்கள் வீட்டில் மயங்கி விழுந்தபோது ஆம்புலன்ஸுக்கு முன்னால் வந்து நின்றது எந்த வண்டி என்று மாப்பிள்ளையைக் கேள். அவர்கள் அங்கே நிற்கிற நேரத்தில் அடுத்த தெருவில் தீப்பிடித்தால் யார் போவார்கள் என்பதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

வரி விஷயத்தில் அந்தப் பக்கத்து வீட்டுப் பெரியவர் பயப்படுவதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன், பென்ஷனில் வாழ்கிறவனுக்கு ஒவ்வொரு ரூபாயும் கணக்குதான். அவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. முதல் மூன்று வருஷத்துக்கு, ஃபெமா என்ற அந்த நாட்டு மத்திய அரசுப் பேரிடர் நிறுவனம் தீயணைப்பு ஆள் எடுக்கத் தருகிற சேஃபர் மானியம் கேட்கப்போவதாகக் காகிதத்தில் இருக்கிறது. சட்டப்படி முதல் இரண்டு வருஷம் நூற்றுக்கு 75 வரையும், மூன்றாம் வருஷம் 35 வரையும்தான் அது தரும், மிச்சம் ஊர் போட வேண்டும், நாலாம் வருஷம் மொத்தமும் ஊர் தலையில். அப்போது அந்த 12 பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா என்று கூட்டத்தில் எழுந்து கேள். வண்டிக்கு நாலு பேர் என்பதை எழுத்தில் தருவீர்களா, ஆள் குறைந்த நாளில் ஒன்றரை மடங்கு ஓவர்டைம் சம்பளத்துக்கு இப்போது எவ்வளவு போகிறது, அதில் எவ்வளவு மிச்சமாகும் என்றும் கேள். பதில் சரியாக வந்தால் ஆதரித்துப் பேசு, வராவிட்டால் வரும்வரை விடாதே. நம் ஊரில் தீயணைப்பு மாநில அரசின் துறை, எந்த ஸ்டேஷனுக்கு எத்தனை ஆள் என்று எங்களை யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. உன்னைக் கேட்கிறார்கள்.

ஓட்டு இல்லாவிட்டாலும் பேசலாம் என்று நீதான் சொன்னாய். மூன்று நிமிஷம் தருவார்களாமே, அந்த லயத்துக் கதையைச் சொல்ல அது போதும், நிஸ்ட் கணக்கை எழுதி எடுத்துக்கொண்டு போ. பேசக் கூச்சமாக இருந்தால் மாப்பிள்ளையைக் கூட்டிப் போய்ப் பக்கத்தில் உட்கார வை.

அப்புறம், வீட்டில் புகை அலாரத்தை அமுக்கிப் பார்த்து எத்தனை நாள் ஆயிற்று? இன்றைக்கே பார், சின்னவன் தூங்குகிற அறையில் முதலில்.

உங்களுக்குச் செவ்வாய்க்கிழமை ராத்திரி கூட்டம் முடியும்போது எங்களுக்குப் புதன்கிழமை விடியற்காலை. நான் எழுந்து பல் விளக்கி, போனைச் சார்ஜில் போட்டு, ஜன்னல் பக்கம் சிக்னல் வருகிற இடத்தில் உட்கார்ந்திருப்பேன். வெளியே வந்ததும் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா