பாப்பாவுக்கு, நீ கேட்ட கேள்விக்காக

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் "எனக்கு மட்டும் ஏம்ப்பா இப்படி, சின்ன வயசுல நீங்க யாராவது ஏதாவது பண்ணிட்டீங்களா" என்று கேட்டாய். எனக்கு வாய் வரவில்லை. அம்மா அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை. நாலு நாளாகப் படித்தேன், உன் டாக்டரிடமும் பேசினேன். போனில் சொன்னால் பாதியிலேயே நீ அழுதுவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்கு இருக்கும் ஓசிடி, அதாவது ஒரே எண்ணம் விடாமல் வந்து ஒரே செய்கையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய், கண்டித்து வளர்த்ததாலோ செல்லம் கொடுத்ததாலோ வருவதில்லை. சாமி குத்தமும் இல்லை. உனக்கு மனஉறுதி போதாது என்பதும் இல்லை, இதை மட்டும் யார் சொன்னாலும் காதில் வாங்காதே.

காலேஜ் இரண்டாம் வருஷம் தீபாவளி லீவு முடிந்து கிளம்பினாயே, ஞாபகம் இருக்கிறதா? திருச்சி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நீ பூட்டை இழுத்துப் பார்த்தாய், படி இறங்கினாய், மறுபடி ஏறி இழுத்தாய், தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தாய். பூட்டின் வளையம் அழுத்தி உன் கட்டைவிரலில் சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. "கண்ணால பாத்துட்டேல்ல, அப்புறம் என்ன?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். நீ மெதுவாகச் சொன்னாய், "பூட்டியிருக்குன்னு தெரியுதுப்பா, மனசு ஒத்துக்க மாட்டேங்குது."

நோயே அதுதான் பாப்பா. கண்ணுக்கு மேலே, நெற்றிக்குப் பின்னால் மூளையில் ஒரு பகுதி இருக்கிறது, ஏதோ சரியில்லை என்று எச்சரிப்பதில் அதற்குப் பெரிய பங்கு. அந்தச் சேதி மூளையின் ஆழத்தில் இருக்கும் காடேட் என்ற இடத்துக்குப் போய், அங்கிருந்து தாலமஸ் என்ற இன்னொரு இடத்தின் வழியாக மறுபடி நெற்றிப் பக்கமே வந்து சேர்கிறது. எல்லோருக்கும் இந்தச் சுற்று உண்டு. நான் ஒரு தடவை பூட்டை இழுத்தால் "சரி, ஆச்சு" என்று அது அடங்கிவிடுகிறது, உனக்கு அடங்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அன்று கத்தியதற்கு அப்பாவை மன்னித்துவிடு.

எதனால் அடங்குவதில்லை என்றால், ஒரே காரணம் என்று கிடையாது. இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், ஏறக்குறைய பாதி பரம்பரை என்று தெரிகிறது, அதுவும் ஒரு மரபணு இல்லை, பல சேர்ந்து. உன் அப்பாயி தண்ணீர்க் குடத்தை மூன்று தடவை விளக்கிவிட்டு, பாதி வழியில் திரும்பிப் போய் மறுபடியும் விளக்குவார்கள். சுத்தக்காரி என்று ஊரே மெச்சியது, அவர்கள் உள்ளே என்ன பாடுபட்டார்களோ, யாரும் கேட்கவில்லை. முதல் உலகப்போர் சமயத்தில் பரவிய ஒருவகை மூளைக்காய்ச்சலில் பிழைத்த சிலருக்கும் இதே மாதிரி விடாத எண்ணங்களும் செய்கைகளும் வந்தன, அவர்களுக்கு அடிபட்டிருந்தது மூளையின் ஆழத்துப் பகுதிகளில்தான்.

நீ கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது இன்னொன்று. 1992-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் பாக்ஸ்டர் என்ற டாக்டரும் அவர் குழுவும் ஓசிடி உள்ளவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். சிலருக்கு மாத்திரையே இல்லாமல் பயிற்சி மட்டும், இப்போது உன் டாக்டர் தருகிறாரே, பயத்தை வரவிட்டு, ஆனால் போய்ச் சரிபார்க்காமல் இருப்பது, அந்த வகைப் பயிற்சி. மாத்திரையால் குணம் கண்டவர்களுக்கும் சரி, பயிற்சியால் குணம் கண்டவர்களுக்கும் சரி, வலப்பக்கக் காடேட்டின் வேகம் குறைந்திருந்தது. அதைப் படித்துவிட்டு அம்மாவை எழுப்பி வாசித்துக் காட்டினேன். நீ பூட்டை இழுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துபோகிற ஒவ்வொரு தடவையும் மூளைக்குள்ளேயே வேலை நடக்கிறது பாப்பா. மாத்திரை மூன்று வாரமாகியும் கேட்கவில்லை என்றாய், இதற்கு 8 முதல் 12 வாரம் வரை பிடிக்குமாம், நீயாக நிறுத்திவிடாதே.

அப்புறம் என் பக்கம். தினமும் காலையில் சிலிண்டர் ரெகுலேட்டரைப் படம் எடுத்து "மூடியிருக்காப்பா?" என்று அனுப்புகிறாய், நானும் "மூடியிருக்கும்மா" என்று போடுகிறேன். பாசம் என்று நினைத்துத்தான் போட்டேன். என் பதிலும் பூட்டை இன்னொரு தடவை இழுப்பது மாதிரிதான் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் புரிந்தது.

அதனால் திங்கள்கிழமையிலிருந்து படம் வந்தால் பார்ப்பேன், பதில் போடமாட்டேன். கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். நீ ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் கூப்பிடு, சாப்பிட்டாயா என்று கேட்பேன்.

அன்புடன்,
அப்பா