கயலுக்கு அப்பா எழுதுவது

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. வாட்ஸ்அப்பில் எது அனுப்பினாலும் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை. உனக்கு வேலை அதிகம், தெரியும். அதனால்தான் தாளில் எழுதுகிறேன். தாள் என்றால் மேசையில் கிடக்கும், நேரம் கிடைக்கும்போது படிக்கலாம்.

தீபாவளிக்கு நீ வந்து போனதிலிருந்து அம்மா அந்த அதிரசத்தை விடவில்லை. "ஒண்ணே ஒண்ணு வாயில போட்டிருக்கலாம்ல" என்று தினமும் ஒருமுறை சொல்லிவிடுகிறாள். எனக்கு அதிரசம் இல்லை, இட்லிதான் கண்ணில் நிற்கிறது. தட்டில் இருந்த மூன்று இட்லியையும் ஒவ்வொன்றாக எடுத்து என் தட்டில் வைத்தாய். அப்புறம் விரலை டிஷ்யூவில் துடைத்துக்கொண்டாய். தேங்காய்ச் சட்னியைக் கரண்டியால் சாப்பிட்டாய், இரண்டு முட்டை, டப்பாவிலிருந்து எண்ணி எடுத்த பாதாம். அம்மா போட்டுவிட்ட வளையலைப் போன முறை சோப்புப் போட்டுத்தான் கழற்றினோம். இந்த முறை நீ கையைத் தூக்கியபோது அது முழங்கை வரை ஓடிப்போய்த் திரும்பி வந்தது.

"சோறு வேண்டாம் என்பவள் என் வீட்டுப் பிள்ளையா" என்று நான் கேட்டிருக்கக் கூடாது. நல்ல நாளும் அதுவுமாக. "சோறு தின்னுதான் அப்பாயிக்குக் கால் போச்சு" என்று நீ திருப்பிச் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்தது, ஒரு வாரம். அப்புறம் விக்டோரியா ஸ்ட்ரீட் நூலகத்துக்குப் போய் உட்கார ஆரம்பித்தேன். வாரம் இரண்டு நாள். நீ அன்றைக்குச் சொன்ன ஆய்வுகளை அங்கே ஒரு பிள்ளை தேடி எடுத்துக் கொடுத்தது. அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். முப்பத்திரண்டு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவனுக்கு இது கொஞ்சம் கடினம்தான். ஆனாலும் படித்தேன்.

முதலில் உன் பக்கம் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளை அரிசி விஷயத்தில் நீ சொன்னது சரி. நான்கு ஆய்வுகளை, சுமார் மூன்றரை லட்சம் பேரை, சேர்த்துப் பார்த்து 2012இல் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். தினம் ஒரு பங்கு வெள்ளைச் சோறு கூடினால் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 11 சதவீதம் கூடுகிறதாம். 2016இல் இங்கே சிங்கப்பூரில் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் என்று அறிவித்தபோது இந்தக் கணக்கைத்தான் எல்லாரும் பேசினார்கள். நான் அப்போது கோப்பிக் கடையில் உட்கார்ந்து, இனி சோற்றிலும் கை வைக்கப் போகிறார்கள் என்று கத்தினேன். மறு வருடம் தேசிய தினக் கூட்டத்தில் பிரதமர் சொன்னார், 60 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் பத்துக்கு ஆறு பேருக்குச் சுகர் என்று. எங்கள் மேசையில் ஐந்து பேர். எண்ணிப் பார்த்தேன், நான்கு பேருக்கு இருந்தது. அதற்கு மேல் நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சண்டையும் புதிதில்லை போலிருக்கிறது. 1863இலேயே லண்டனில் இறுதிச் சடங்கு நடத்திக் கொடுக்கும் தொழில் செய்த பான்டிங் என்பவர் ரொட்டி, சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கை விட்டு இளைத்ததை அச்சடித்து ஊருக்குச் சொல்லியிருக்கிறார். அன்றைய டாக்டர்கள் அவரோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் கயல், நீ என் முகத்துக்கு நேரே சொன்னாயே, பதினெட்டு நாட்டில் 1,35,000 பேர், 2017, நம்ம கேரளத்தில் பிறந்த சலீம் யூசுஃப் டாக்டர் இருந்த ஆய்வு. அதையும் படித்தேன். மாவுச்சத்து மிக அதிகமாகச் சாப்பிட்டவர்களிடம்தான் மரணம் அதிகம், கொழுப்பு கூடுதலாகச் சாப்பிட்டவர்களிடம் குறைவு. நீ சொன்னபடிதான் இருக்கிறது. ஆனால் அந்த மிக அதிகம் என்பது எவ்வளவு என்று பார்த்தாயா? மொத்தக் கலோரியில் முக்கால் பங்குக்கும் மேல். அப்பாயி சாப்பிட்ட சாப்பாடு அது. மலை மாதிரி சோறு, நடுவில் ஒரு கரண்டிக் குழம்பு. மிகக் குறைவாகச் சாப்பிட்ட கூட்டத்துக்கே நடு அளவு 46 சதவீதம். நீ ஒரு நாளைக்கு 20 கிராம் மாவுச்சத்து என்றாய். 20 கிராமில் நிற்பவர்களைப் பற்றி அந்த ஆய்வு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருடமே வந்த இன்னொன்றில், கலோரியில் பாதி அளவு மாவுச்சத்து எடுத்தவர்கள்தான் அதிக நாள் வாழ்ந்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் மிகக் குறைந்தாலும் ஆபத்து கூடுகிறது, அந்தப் பக்கம் மிக ஏறினாலும் கூடுகிறது. சோற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கறியையும் வெண்ணெயையும் வைத்தவர்களுக்கு மோசம், பருப்பு, கொட்டை வகைகளை வைத்தவர்களுக்குப் பரவாயில்லை. பாதாம் சாப்பிடு, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. காபியில் வெண்ணெய் போட்டுக் குடிக்கிறாயே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. நம்ம குடும்பத்தில் பெரியப்பா 49 வயதில் போனார். கொலஸ்ட்ரால் பார்த்தாயா? கெட்டது எவ்வளவு ஏறியிருக்கிறது? சிலருக்கு எடை இறங்கும்போதே அது தாறுமாறாக ஏறுகிறதாம். பார்த்துவிடு.

எடைக்காக மட்டும்தான் என்றால் இந்தப் பாடு தேவையா என்றும் யோசி. ஸ்டான்ஃபர்டில் 609 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு வருடம் பார்த்தார்கள். கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரி 5.3 கிலோ இறங்கினார்கள், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோ. அவ்வளவுதான் வித்தியாசம். சுகர் இருப்பவர்களுக்கு வேறு மாதிரி. மாவுச்சத்தைக் குறைத்தால் முதல் ஆறு மாதம் சுகர் நன்றாகவே இறங்குகிறது, ஒரு வருடம் ஆகும்போது அந்த லாபம் தேய்ந்துபோகிறது. பலரால் அதைத் தொடர முடியாததும் ஒரு காரணமாம். சுகர் இருப்பவர்களுக்குத்தான் சொல்கிறேன்.

அத்தை மகனுக்குப் பொங்கோலில் வீட்டுச் சாவி கிடைத்துவிட்டது. பால் காய்ச்சுவதற்குப் போய் வந்தோம். எல்லாரும் உன்னைக் கேட்டார்கள். மெல்பர்னில் பாலத்துக்குக் கணக்குப் போடுகிற பிள்ளை என்று நான்தான் எல்லாருக்கும் சொன்னேன். நம்ம புளோக்கில் உன் வயதுப் பிள்ளைகள் யாரும் அந்த வேலைக்குப் போகவில்லை.

இப்போது என் மாத்திரை விஷயம். இதைக் கவனமாகப் படி.

மூன்று வருடம் முன்பு பாலிகிளினிக்கில் எனக்கு எம்பாகிளிஃப்ளோசின் எழுதிக் கொடுத்தார்கள். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைச் சிறுநீர் வழியாக இறக்கிவிடும் மாத்திரை. இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது என்றார்கள், எனக்கு நன்றாகத்தான் கேட்கிறது. ஆனால் முதல் நாளே மருந்தாளர் பெண் என்னை உட்கார வைத்துச் சொன்னாள்: "அங்கிள், இதைச் சாப்பிடும்போது பட்டினி இருக்காதீர்கள். கீட்டோ மாதிரி எதுவும் டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள்." கீட்டோ என்றால் மாவுச்சத்தை அடியோடு குறைத்துக் கொழுப்பைக் கூட்டும், நீ சாப்பிடுகிற அந்தச் சாப்பாடு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது, தலையாட்டிவிட்டு வந்தேன். இப்போதுதான் விவரம் புரிகிறது. மாவுச்சத்தே உள்ளே போகாமல், இருக்கிற சர்க்கரையையும் மாத்திரை வெளியே தள்ளினால், உடம்பு கொழுப்பை எரித்து எரித்து ரத்தத்தில் கீட்டோன் சேர்கிறது. அளவு மீறினால் ரத்தமே அமிலமாகிவிடும். சாதாரணமாக அப்படி ஆகும்போது சுகர் தாறுமாறாக ஏறிக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அப்படிக் காட்டாமலும் இருக்கலாம். விரலில் குத்திப் பார்த்தால் நம்பர் நன்றாகவே இருக்கும், ஆள் ஐசியுவில் இருப்பார். 2015லேயே அமெரிக்க மருந்து நிர்வாகம் இந்த வகை மாத்திரைகளுக்கு எச்சரிக்கை விட்டிருக்கிறது.

குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது, காரணமில்லாத அசதி. இதில் எது வந்தாலும் சுகர் நம்பரைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் கீட்டோன் பார்க்கச் சொல்ல வேண்டும். காய்ச்சலோ வாந்தியோ வந்து சாப்பிட முடியாத நாளிலும் மாத்திரை கூடாது. இதை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வை. எனக்காக. உன்னோடு இருந்த அந்தப் பிள்ளையும் வீடு மாறிப் போய்விட்டது என்றாயே, ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்று என்றால் கதவைத் தட்ட யார் இருக்கிறார்கள்?

டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்தால் எனக்கு ஒரு பயமும் இல்லை. மாத்திரையை மாற்றுவார்கள், அளவைக் குறைப்பார்கள், அது அவர்கள் வேலை. சொல்லாமல் செய்யாதே. என்ன சாப்பிடுகிறாய், என்ன சாப்பிடுவதில்லை, எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்.

நீ குளியலறையில் ஒரு சின்னப் பையை விட்டுப் போயிருந்தாய். நீல நிறம். ஜிப் திறந்திருந்தது கயல். நான் தேடிப் பார்க்கவில்லை. அட்டையில் நான்கு மாத்திரை மிச்சம் இருந்தது. அந்தப் பெயரைத் தினமும் காலையில் படிக்கிறவன் நான். அம்மாவிடம் சொல்லவில்லை.

அன்று முழுவதும் நான் யோசித்தது ஒன்றுதான். இதை ஏன் எங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தாள்? தீபாவளி அன்று விடிகாலை ஐந்து மணிக்கு எடை மெஷின் பீப் அடித்தது. நான் கூடத்தில் விழித்துத்தான் படுத்திருந்தேன். மூன்று முறை ஏறி இறங்கினாய். அந்தச் சத்தத்தோடு சேர்த்து யோசித்தபோதுதான் பதில் கிடைத்தது.

1998, நீ தொடக்கநிலை நான்கு. பள்ளியில் உயரம், எடை பார்த்து எடை கூடிய பிள்ளைகளை இளைக்க வைக்கும் டாஃப் (TAF) திட்டப் பட்டியலில் உன் பெயரைச் சேர்த்தார்கள். இடைவேளையில் மற்ற பிள்ளைகள் சாப்பிடும்போது உங்களை ஓடவிட்டார்கள். அந்த எழுத்துகளைத் திருப்பிப் படித்தால் ஆங்கிலத்தில் குண்டு என்று வரும், பிள்ளைகள் அதைச் சொல்லியே கூப்பிடுகிறார்கள் என்று நீ அழுதுகொண்டு வந்தாய். நான் உன்னைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. "அப்போ குறை" என்றேன். அந்தத் திட்டத்தை 2007இல் நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூடத்தைச் சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை உன்னை எடை மெஷினில் ஏற்றி, அடுக்களைக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் எழுதியவன் நான். வீட்டுக்கு வருகிற யார் கண்ணிலும் படும் இடத்தில். கூடின வாரம் வட்டம் போட்டேன். இரண்டு வருடத்துக்கு மேல். அத்தை வீட்டுப் பேர் வைக்கிற விசேஷத்தில், நீ கையில் எடுத்த வடையை எல்லார் முன்னாலும் பிடுங்கினேன். நீ அழவில்லை. கையை உன் பாவாடையில் துடைத்துக்கொண்டாய். தீபாவளியன்று இட்லியைத் தொட்ட விரலைத் துடைத்தாயே, அதே மாதிரி. அந்த நாட்களில் நான் மூன்று வேளையும் சோறு சாப்பிட்டேன், யாரும் என்னை எடை பார்க்கவில்லை.

சுகர் வந்துவிட்டது என்று சொன்னால் அப்பா மறுபடியும் காலண்டரை எடுப்பார் என்று நினைத்திருப்பாய். நினைத்தால் தப்பில்லை. நான் அப்படித்தான் இருந்தேன். இத்தனை வருடத்தில் ஒருமுறை கூட உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். உன் உடம்பைப் பற்றி, எடையைப் பற்றி, தட்டில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி இனி நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். சோறு சாப்பிடு, சாப்பிடாமல் இரு. டாக்டரிடம் மட்டும் சொல்லிவிடு.

அம்மா இப்போது காலிஃபிளவரைத் துருவி உப்புமா மாதிரி கிண்டிப் பார்க்கிறாள். யாரோ வீடியோவில் சொன்னார்களாம். முதல் தடவை தண்ணீர் விட்டுக் குழைந்துவிட்டது, நேற்று பரவாயில்லை. தேக்கா சந்தையில் நல்ல வஞ்சிரம் வந்தால் நீ வரும்போது வாங்கி வைக்கிறேன் என்கிறாள்.

எடை மெஷினை நேற்று பழைய சாமான் எடுக்கும் கரங்குனிக்காரர் வந்தபோது கொடுத்துவிட்டேன். பை என் அலமாரியில் இருக்கிறது. தபாலில் அனுப்பவா, வந்து எடுத்துக்கொள்கிறாயா என்று எழுது. எழுத நேரமில்லை என்றால் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வார்த்தை போடு, டாக்டரிடம் சொல்லிவிட்டேன் என்று. அம்மா போனுக்கு வேண்டாம், என் போனுக்குப் போடு.

அன்புடன்,
அப்பா